ஆர்ஃபாவின் மூன்றாம் குரல்

ஸ்லேட் ஃபோர்க் பாய்ஸ் என்ற பெயரில் இருக்கிற 'பாய்ஸ்' பற்றி ஆர்ஃபா ராட்லிஃப் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தப் பாட்டுக் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். மேடையில் அறிவிப்பு செய்கிறவன் எவனாக இருந்தாலும், "பையன்களுக்கும், பையன்களிலேயே அழகான பையன் ஆர்ஃபாவுக்கும் கை தட்டுங்க" என்பான். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஒரே நகைச்சுவைக்கு நாற்பது வருஷம் சிரித்தவளுக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுக்கலாம். எங்கள் மலைப்பக்கத்தில் அப்படிக் கொடுக்கிற வழக்கம் இல்லை.

அவள் குழுவுக்குள் வந்ததே ஓட்டையை அடைக்கத்தான். அண்ணன் டார்சி கிடார் வாசித்து முன்னால் நின்று பாடுகிறவன். குழு அவனுடையது. பேஸ் வாசித்தவனுக்கு ஒரு சனிக்கிழமை நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டாவது ஷிப்டும் போட்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கிற அந்த வாத்தியத்தை வீட்டில் சும்மா தட்டிக்கொண்டிருந்த தங்கையை டார்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இந்த ஒரு நாளைக்குத்தான் என்றான். பழைய பேஸ்காரன் திரும்பி வரவும் இல்லை, ஆர்ஃபாவைப் போகச் சொல்ல யாருக்கும் நினைவு வரவும் இல்லை.

அந்தக் காலத்து முறைப்படி மேடையில் ஒரே ஒரு மைக். யாருடைய முறை வருகிறதோ அவர் முன்னால் வந்து வாசித்துவிட்டு ஒதுங்குவார், அடுத்தவர் நுழைவார். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், பாஞ்சோவின் கழுத்து எவன் கண்ணையும் குத்தாமல் இதைப் பழகுவதற்கே ஒரு வருஷம் பிடிக்கும். எல்லோரும் முன்னும் பின்னும் போகலாம், பேஸ் வாசிக்கிறவரைத் தவிர. அத்தனை பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே நகர்வது? டார்சியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் தோளுக்கு மேலாகத் தன் குரலை மைக்குக்கு அனுப்பினாள் ஆர்ஃபா.

அவள் பாடியது மூன்றாம் குரல். புளூகிராஸ் என்கிற எங்கள் மலைப்பாட்டில் மெட்டைப் பாடுகிறவர் ஒருவர். அவருக்கு மேலே உச்சியில் ஒருவர். இரண்டுக்கும் போக மீதி இருக்கிற ஸ்வரங்களைப் பொறுக்கிக்கொண்டு அடியில் போகிறது மூன்றாம் குரல். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. நாலு அடி ஒரே இடத்தில் நிற்கும், திடீரென்று காரணமில்லாமல் ஒரு படி இறங்கும். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் மொட்டையாக நிற்கும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனிக்காமல் இருந்தால்தான் அது சரியாகப் பாடப்பட்டது என்று அர்த்தம். பிழைப்புக்கு இப்படி ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள் பாருங்கள்.

பாஞ்சோ வாசித்தவன் வெர்லின் ஸ்லஸ். விரல்கள் மின்னல், வாய் அதைவிட. இரண்டாவது வருஷமே ஆர்ஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டான். எமரி ஃபிடில், ஹோபர்ட் மாண்டலினும் மேல் குரலும். அந்த ஐந்து பேரும் சேர்ந்து பாடினால், ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து நிற்கிறவர்கள் கரி படிந்த கன்னத்தில் கோடு விழ அழுவார்கள். வேகமாக வாசிக்கிற குழுக்கள் அந்தப் பக்கத்தில் பத்து இருந்தன. அழ வேண்டுமென்றால் ஸ்லேட் ஃபோர்க் பாய்ஸிடம்தான் வரவேண்டும்.

நாலு வருஷம் கழித்து, பனி கொட்டுகிற ஜனவரியில், பாட்டுக் கம்பெனிகள் நிறைந்த நாஷ்வில்லில் இருந்து ஒரு பெரிய குழு வெர்லினைக் கூப்பிட்டது. போய் நிலைத்ததும் உன்னை வரச் சொல்கிறேன் என்றான். கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே புதிது கொடுப்பார்களாம். வசந்தம் வந்தது, அழைப்பு வரவில்லை. அவன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற செய்தி மட்டும் ஊர் சுற்றி எல்லோர் காதிலும் விழுந்து, கடைசியில் அவள் காதிலும் விழுந்தது.

அன்று மத்தியானம் பீன்ஸ் கழுவிக்கொண்டே அவள் அந்தப் பாட்டைக் கட்டினாள். குளிர் கோட்டை ஆணியிலேயே விட்டுப்போன புருஷன், அதை எடுத்து யாருக்கும் கொடுக்க மனசு வராத பெண்டாட்டி. அவ்வளவுதான் பாட்டு. அவளுடைய குரல் கனமானது, தாழ்ந்த சுதியில்தான் அது மலரும். வரியின் கடைசியில் மெட்டு நேராக இறங்காமல், ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி உட்காரும். டார்சி சாப்பிட வந்தபோது சோள ரொட்டியை அவன் தட்டில் வைத்துவிட்டுப் பாடிக் காட்டினாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். மூன்று தடவை பாடச் சொன்னான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். தன் வாழ்க்கையில் அவள் செய்த ஒரே பெரிய காரியம் நடந்துவிட்டது என்று அந்தப் பைத்தியக்காரிக்குச் சந்தோஷம்.

அடுத்த ஒத்திகையில் டார்சி அந்தப் பாட்டைத் தன் உச்ச சுதிக்குத் தூக்கிப் பாடினான். சுற்றிச் சுற்றி வந்த இடங்களையெல்லாம் நேராக்கியிருந்தான். இதில் கோட்டை ஆணியில் விட்டுப் போனவள் பெண்டாட்டி. காத்திருக்கிற உத்தமன் புருஷன்.

"இது என் பாட்டு, டார்சி."

"உன் பாட்டுதான். இல்லைன்னு யார் சொன்னா? ஆனா புருஷன் ஓடிட்டான்னு ஒரு பொம்பள மேடையில நின்னு பாடினா, கேக்க வந்தவன் நெளிவான். அதையே ஆம்பள பாடினா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து அழுவாங்க. அதுவுமில்லாம உன் சுதியில வாசிச்சா பாஞ்சோ செத்துப் போயிடும்."

"அப்ப நான் எப்ப பாடறது?"

"பாடுவே. அதுக்கு நேரம் வரும். இப்ப மூணாம் குரலப் பிடி. நீ இல்லாம இது நிக்காது."

மற்ற பாட்டுகளில் சரணத்தை ஒருவர் பாட, பல்லவியில்தான் மூன்று பேரும் சேர்வார்கள். இந்தப் பாட்டுக்கு மட்டும் தேவாலயத்தில் பாடுகிற மாதிரி முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை மூன்று குரலும் வேண்டும் என்று டார்சி முடிவு செய்தான். நல்ல முடிவு, அதைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குக் காது உண்டு. இசைத்தட்டு வெளிவந்தபோது அந்த மலைப்பக்கம் முழுக்க அந்தப் பாட்டுத்தான் ஓடியது. தட்டின் நடுவில், பாட்டைக் கட்டியவர் டி. ராட்லிஃப் என்று இருந்தது. அச்சடித்தவன் செய்த தவறு என்றான் டார்சி. இரண்டாம் பதிப்பிலும் அச்சடித்தவன் அதே தவறைச் செய்தான்.

அதற்கப்புறம் ஆட்கள் கழன்றுகொண்டே இருந்தார்கள். ஹோபர்ட்டுக்குத் தேவன் கண்ணைத் திறந்துவிட்டார், மாண்டலினை விற்றுவிட்டுச் சபை நடத்தப் போனான். எமரியின் நுரையீரலைக் கரித்தூள் தின்றது. கடைசி வருஷம் மேடைக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் போய் இழுத்துவிட்டு வந்து வாசித்தான். வடக்கே இருந்து ஒரு பல் டாக்டர் வந்தார், எங்கள் பாட்டை எங்களுக்கே விளக்கினார், ஒரு கோடையோடு போய்விட்டார். அருமையாகப் பாஞ்சோ வாசித்த ஒருவன் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து ஜெயிலுக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் மேல் குரலுக்குப் புது ஆள் வரும்போது, அவன் இழுக்கிற இடம், மூச்சு விடுகிற இடம், எல்லாவற்றுக்கும் ஏற்றாற்போல ஆர்ஃபா தன் குரலைத் திருத்திக்கொள்ள வேண்டும். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி முதல் மாதம் கடிக்கும். பிறகு சரியாகிவிடும். சரியானதும் அவன் போய்விடுவான்.

புதிதாக வருகிறவனிடம் டார்சி குழுவின் வரலாற்றைச் சொல்வான். நானும் வெர்லினும் எமரியும் ஹோபர்ட்டும் சேர்ந்து ஆரம்பித்தோம், இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம் என்பான். பக்கத்தில் நின்று எல்லோருக்கும் வறுத்த பலோனி இறைச்சி வைத்து சாண்ட்விச் செய்துகொண்டிருப்பாள் ஆர்ஃபா.

பாஞ்சோக்காரன் ஜெயிலுக்குப் போன கோடையில்தான் அந்த அக்கிரமமும் நடந்தது. ஊர் ஊராக ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் கிடந்தன. பாஞ்சோ இல்லாமல் புளூகிராஸ் ஏது? டார்சி யாருக்கோ போன் செய்தான். மறு வாரம் ஒத்திகைக்கு, தொப்பையும் பல்லிளிப்புமாக வெர்லின் வந்து நின்றான். நாஷ்வில் அவனைச் சக்கையாகப் பிழிந்து துப்பியிருந்தது. ஆர்ஃபா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். டார்சி அவள் வாய் திறக்கும் முன்பே சொன்னான்.

"என் மச்சானா கூப்பிடல. பாஞ்சோக்காரனா கூப்பிட்டேன். நீயும் தங்கச்சியா நிக்காதே, பேஸ்காரியா நில்லு."

நின்றாள். ஏழு வருஷம் அவன் பக்கத்தில் நின்றாள். அந்தப் பாட்டுக்கு அவன் வாசித்ததைப் போல எவனும் வாசித்ததில்லை, அதுதான் கொடுமை. ஒரு நாள் மேடை ஏறுவதற்கு முன்னால் சுருதி சேர்த்துக்கொண்டே வெர்லின் டார்சியிடம் கேட்டான்.

"யாருடா அவ? கோட்ட ஆணியில விட்டுட்டுப் போனவ? உன் மொதல் பொண்டாட்டியா?"

டார்சி கிடாரின் மேல் குனிந்துகொண்டு, எல்லா ஊரிலும் அப்படி ஒருத்தி இருப்பாள் என்றான். ஆர்ஃபாவுக்குக் கையெட்டும் தூரத்தில் அவன் தலை.

"உன் சாண்ட்விச்சுக்கு மஸ்டர்ட் வேணுமா, வேணாமா?" என்று மட்டும் அண்ணனைக் கேட்டாள்.

ஏன் அவள் விட்டுவிட்டுப் போகவில்லை என்று எங்கள் ஊரில் பலரும் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அவள் முதுகுக்குப் பின்னால். எங்கே போவது? மற்றக் குழுக்களும் 'பாய்ஸ்'தான். இன்னொன்றும் உண்டு. மூன்று குரலும் சரியாகப் பூட்டிக்கொள்கிறபோது, யாருமே பாடாத நாலாவது குரல் ஒன்று மேலே கேட்கும். அதைக் கேட்டவர்களுக்கு வேறு எதிலும் மனம் ஒட்டாது. அந்த மூன்று நிமிஷத்துக்காக மீதி நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அந்தப் பாட்டும் இருக்கிறதே. நேரம் வரும் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் நம்பினாள்.

வெர்லினின் விரல்களை மூட்டுவலி பிடித்து முடக்கியது. அவன் மூன்றாவது பெண்டாட்டியோடு ஒதுங்கிக்கொண்டான். டார்சியின் குரலும் இறங்கத் தொடங்கியது. வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சுதியைக் குறைத்தான். தலைவன் ஒரு படி இறங்கினால் எல்லோரும் ஒரு படி இறங்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது, அது மரியாதை. காதும் பாதி போய்விட்டது, அதையும் பேசக் கூடாது. எழுபத்து மூன்றாவது வயதில் அவன் அந்தப் பாட்டைப் பாடிய சுதி, ஆர்ஃபா அன்று பீன்ஸ் கழுவிக்கொண்டு பாடிய அதே சுதி. இப்போது பாஞ்சோ ஒன்றும் செத்துப் போகவில்லை.

அந்த வருஷம் இதுதான் கடைசிக் கோடை என்று டார்சி அறிவித்தான். செப்டம்பர் முதல் வார விடுமுறையில் சொந்த ஊர் மைதானத்தில் கடைசி மேடை. குழுவின் பெயர் யாருக்கு என்று எல்லோரும் ஊகித்தார்கள். பிரைசன் ஓவன்ஸ் என்று இருபத்தாறு வயதுக்காரன், மாண்டலினும் மேல் குரலும் அவன்தான். தங்கமான குரல், தங்கமான குணம். அவனைத் திட்டவும் முடியாது. ஆர்ஃபா அண்ணன் வீட்டுக்குப் போய் எதிரில் உட்கார்ந்து, உரக்கக் கேட்டாள்.

"பேரை எவனுக்கு வேணா குடு. பாட்ட எனக்குக் குடு. ஒரே ஒரு தடவ நான் தனியா பாடணும். எனக்கும் வயசாச்சு, டார்சி."

"கடைசிப் பாட்டு அதுதான்," என்றான் டார்சி. "நீ பாடு."

வீட்டுக்கு வருகிற வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு அழுதாள். பிரைசனிடமும் மற்றவர்களிடமும் டார்சியே சொல்லிவிட்டான். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு தடவை பாடிப் பார்க்கலாமா என்று பிரைசன் கேட்டான்.

"நான் பெத்த பிள்ளைய எனக்கே அறிமுகம் பண்ணி வைக்கிறியா?" என்று சிரித்துவிட்டாள்.

அங்கேதான் தவறினாள். அவளுடைய இடத்தில் இருந்த யாரும் அப்படித்தான் தவறியிருப்பார்கள்.

மைதானம் முழுக்க மடக்கு நாற்காலிகள். வெர்லின்கூட முதல் வரிசையில் பெண்டாட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தான். கடைசிப் பாட்டு என்றான் டார்சி. ஆர்ஃபா பேஸைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். டார்சி மைக்கை விட்டு நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போல அவனே ஆரம்பித்துவிட்டான். மறந்து போனானா, மனசு வரவில்லையா, அவனுக்கே வெளிச்சம். பிரைசன் திகைத்து ஆர்ஃபாவைப் பார்த்தான். அவள் ஓர் அடி பின்னால் போனாள். வேறென்ன செய்வது, மேடையில் நின்று அண்ணனோடு சண்டை போடுவதா? மூன்றாம் குரலைப் பிடித்தாள். அன்றைக்கு அதையும் சரியாகத்தான் பாடினாள்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் டார்சியின் குரல் உடைந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. இருமினான். அவன் மைக்கை விட்டு விலகி, தங்கையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, வா என்றான். வாத்தியங்கள் மெட்டின் ஸ்வரம் எதையும் தொடாமல் தாளத்தை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. பிரைசன் வாயை மூடிக்கொண்டு அவளுக்கு வழி விட்டான். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக மைக்குக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை.

ஆர்ஃபா மூச்சை இழுத்துப் பாடினாள். வந்தது மூன்றாம் குரல்.

ஒரே இடத்தில் நாலு அடி நின்றது, காரணமில்லாமல் ஒரு படி இறங்கியது. தன் வாயில் இருந்து வருவது மெட்டு இல்லை என்று இரண்டாவது வரியில்தான் அவளுக்கே உறைத்தது. மெட்டுக்கு ஏறப் பார்த்தாள். எந்த இடத்தில் ஏறுவது என்று தெரியவில்லை. சொந்த வீட்டில் இருட்டில் கதவைத் தேடுகிறவளைப் போல ஆகிவிட்டது. முதல் வரிசையில் ஒருத்தி புரியாமல் தலையைச் சாய்த்தாள். பாஞ்சோக்காரன் தரையைப் பார்த்தான். ஆர்ஃபாவின் வாய் பழகின வழியிலேயே போனது, நிறுத்தவும் தெரியவில்லை.

மூன்றாவது வரியில் பிரைசன் மைக்குக்குள் சாய்ந்து, அவள் பாடிக்கொண்டிருந்ததற்கு மேலே மெட்டைக் கொண்டு வந்து வைத்தான். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது. அவளுடைய தவறு மறு நொடியே அழகாகிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். பாட்டு முடிந்தபோது அழாதவர்களே இல்லை.

கீழே இறங்கியதும் ஆளாளுக்கு அவளைக் கட்டிப் பிடித்தார்கள். முதலில் அவள் தனியாக அந்த விநோதமான ஸ்வரங்களைப் பாடியதும், அப்புறம் அந்தப் பையன் வந்து சேர்ந்ததும், என்ன யோசனை, என்ன யோசனை என்றார்கள். வெர்லின், இந்தப் பாட்டை இவ்வளவு நன்றாக எப்போதும் கேட்டதில்லை என்றான். டார்சி பிரைசனின் தோளை அணைத்துக்கொண்டு, பெயரும் குழுவும் இனி இவனுக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் வந்தான்.

"குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன் பாத்தியா? நல்லா பாடினே." அவனுடைய காதில் என்ன விழுந்ததோ தெரியாது. ஆர்ஃபா தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் சாமான்களை ஏற்றும்போது பிரைசன் அவளிடம் வந்தான். மற்றவர்கள் மைதானத்தின் அந்தக் கோடியில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் ஆர்ஃபா, நேத்து என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டக் கட்டினது நீங்கதான்னும் தெரியும். ஹோபர்ட் சாகறதுக்கு முன்னால சொன்னாரு. நீங்க மொதல்ல எப்படிப் பாடினீங்களோ, எனக்கு அப்படிப் பாடிக் காட்டுங்க. இனிமே எல்லா மேடையிலயும் அப்படியே பாடறேன். உங்க பேரச் சொல்லியே பாடறேன்."

நாற்பது வருஷம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தைகள். ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டான் பிள்ளை.

ஆர்ஃபா வண்டியின் பின்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். வார்த்தைகள் எல்லாம் வந்தன, அவளுடைய சொந்த வார்த்தைகள், ஓடிப்போனவன் புருஷன்தான். மெட்டுக்கு மூன்றாம் குரல் வந்து நின்றது. நிறுத்தினாள். மறுபடியும் மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடினாள். கடைசியில் மெட்டு வந்தது. ஆனால் அது டார்சி நேராக்கிய மெட்டு, அவன் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, அவன் இழுக்கிற இடத்தில் இழுத்தது. வரி முடிவில் அவள் போட்ட அந்தச் சுற்றை எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். ஏதோ ஒன்று இருந்தது என்பது நினைவிருந்தது. அது என்னவென்று நினைவில்லை. உலகத்தில் அதைக் கேட்ட இன்னொருவன் டார்சி. அவன் காதைக் கேட்டு என்ன பயன்?

பிரைசன் காத்துக்கொண்டு நின்றான்.

"டார்சி பாடினபடியே பாடு," என்றாள் ஆர்ஃபா. "எனக்கும் அப்படித்தான் தெரியும்."

எழுந்து பேஸின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறு பக்கத்தைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினான்.